டயல் டோன் இருந்தது

ஏ.சி. குளிரும், சூடேறிய சர்க்யூட் போர்டின் வாசனையும்... இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்கு இன்றும் ரெட்டிபாளையம் பக்கத்து சிமென்ட் ஃபேக்டரியின் டெலிபோன் ரூம்தான் ஞாபகம் வரும். வெளியே மரம், கூரை, தலைமுடி எல்லாம் தூசி படிந்து கிடக்கும். உள்ளே ஒரு தூசி விழக்கூடாது. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் போவோம். நான் அங்கே ஆபரேட்டர்.

பழைய எக்ஸ்சேஞ்சுக்கு மூளை ஒன்றுதான். அது படுத்தால் மொத்த ஃபேக்டரியும் ஊமை.

புதிதாக வந்ததில் ஆபீஸில் ஒரு பெட்டி, சுண்ணாம்புக்கல் குவாரியில் ஒரு பெட்டி. இரண்டுக்கும் தனித்தனி கன்ட்ரோல் கார்டு, நடுவில் ஒரு கேபிள். கேபிள் அறுந்தாலும் அந்தந்தப் பெட்டி தன் போன்களைத் தானே பார்த்துக்கொள்ளும். அண்ணன் தம்பி பிரிந்து தனி அடுப்பு வைத்த மாதிரி. மாட்டிவிட்டுப் போன இன்ஜினியருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. எங்களுக்கும்தான்.

குவாரி சூப்பர்வைசர் ஆரோக்கியசாமி, வரதராஜன்பேட்டைக்காரர். அவருடைய அம்மா அரியலூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். தங்கையைத் துணைக்கு வைத்துவிட்டு அன்று வேலைக்கு வந்திருந்தார். காலையிலேயே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"அக்கா, தங்கச்சி பூத்துல இருந்து பேசும். ஒடனே எனக்குப் போட்டுருங்க. போன் பக்கத்துலயேதான் இருப்பேன்."

மதியம் தங்கை பேசினாள். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, அண்ணனைத்தான் கேட்கிறார் என்று அழுதாள். குவாரிக்குப் போட்டேன். போகவில்லை. எங்கேயோ ஒரு டிப்பர் லாரி கேபிளை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

உடனே செக்யூரிட்டியை பைக்கில் அனுப்பினேன். குவாரியில் வெடி வைக்கும் நேரம்... சிவப்புக் கொடி காட்டி ரோட்டை மறித்துவிட்டார்கள். கடைசி வெடியும் முடிந்து சங்கு ஊதிய பிறகுதான் செக்யூரிட்டியை உள்ளே விட்டார்கள்.

ஆரோக்கியசாமி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அம்மா கண்ணை மூடிவிட்டார்.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பியவர், என் ரூம் வாசலில் வந்து நின்றார்.

"அப்பப்ப போன எடுத்துப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்க்கா. டோன் வந்துச்சு. லைன் இருக்கு, போன் வரல... அப்ப அம்மா நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

அந்த டோன் குவாரிப் பெட்டி கொடுத்தது. அதற்கு ஆபீஸ் தேவையில்லை. பழைய எக்ஸ்சேஞ்சாக இருந்திருந்தால் போன் செத்துக் கிடந்திருக்கும். சந்தேகப்பட்டு அப்போதே கிளம்பி வந்திருப்பார். கேபிள் அறுந்ததை மட்டும்தான் அவரிடம் சொன்னேன். அன்று வீட்டுக்குப் போய் அழுதேன்.

அதன்பிறகு தினமும் ஷிஃப்ட் ஏறியதும் என்னைக் கூப்பிடுவார். ஆபீஸ் வரைக்கும் லைன் வருகிறதா என்று பார்த்தேன் என்பார். வருது தம்பி என்பேன். வைத்துவிடுவார். தங்கைக்கும் கல்யாணமாகிவிட்டது, அவசரமென்று அவரைத் தேட வீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் நான் வேலையை விடும்வரை அவர் கூப்பிடாமல் இருந்ததில்லை.

இப்போது பெரம்பலூரில் இருக்கிறேன். பிள்ளைகள் சென்னையில். என் செல்போனில் சிக்னல் எப்போதும் முழுசாக இருக்கிறது... அதைப் பார்த்து, போன் வரவில்லை, அதனால் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்று நிம்மதியாக உட்கார என்னால் முடியவில்லை. நானே கூப்பிட்டுவிடுவேன்.

"என்னம்மா, மீட்டிங்ல இருக்கேன், என்ன விஷயம்?" என்பான் மகன்.

குரல் கேட்டுவிட்டது. வைத்துவிடுவேன்.