ஆறு லட்சமும் உறவுமுறைக் கட்டமும்

வருமான வரி என்பது பணக்காரர்களுக்கு வரும் வியாதி என்றுதான் ஆரோக்கியமேரி நினைத்திருந்தாள். மாதனூரில் காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறி, நாள் முழுக்க ஷூவின் மேல்தோலைத் தைத்துவிட்டு, சாயங்காலம் அதே பஸ்ஸில் வந்து இறங்குகிறவளுக்கு அது ஏன் வரப்போகிறது? சம்பளம் மாதம் பன்னிரண்டாயிரம். பிடித்தம் போக வருவது கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கும். அப்படிப்பட்டவளுடைய செல்போனுக்குத்தான் வருமான வரித் துறையிலிருந்து ஒரு மெசேஜ் வந்து சேர்ந்தது.

இங்கிலீஷில் இருந்ததால் சூப்பர்வைசர் ஹேமலதாவிடம் காட்டினாள்.

"போன வருஷம் உங்க அக்கவுண்ட்டுக்கு வெளிநாட்டுலேந்து பெரிய தொகை வந்திருக்காம். கணக்குக் காட்டச் சொல்றாங்க. இன்னா மேரிக்கா, லாட்டரி எதனா அடிச்சுதா?"

"எம்புள்ள அனுப்பினான்" என்றாள் மேரி. கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னாள். பக்கத்து மெஷின்களுக்கும் கேட்கட்டுமே.

பிள்ளை பெயர் கௌதம். ஆம்பூரில் ஷூ தொழில்நுட்பம் டிப்ளமா படித்துவிட்டு வியட்நாமில் ஒரு ஷூ கம்பெனியில் டெக்னீஷியனாக இருக்கிறான். ஷீட்டுக் கூரை போட்ட வீட்டில் வெயில் காலத்தில் அம்மா வேகிறாளே என்று, தளம் போட்ட வீடு கட்டச் சொல்லி ஆறு லட்சம் அனுப்பியிருந்தான். அவன் மேரியின் வயிற்றில் பிறக்கவில்லை என்பது அந்தத் தையல் லைனில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தாலும் யாரும் அதை எடுத்துப் பேசியதில்லை.

அவனைப் பெற்றவள் அம்பிகா. மேரிக்கு அடுத்த மெஷின். புருஷன் பெங்களூருக்கு வேலை தேடிப் போனவன், போனவன்தான். அம்பிகாவுக்கு மஞ்சள் காமாலை முற்றிப் பத்தே நாளில் உயிர் போயிற்று. அப்போது கௌதமுக்கு நாலு வயது. ஒடுகத்தூரிலிருந்து அம்பிகாவின் அண்ணன் வந்தான், அழுதான், அடக்கம் செய்தான். "ரெண்டு நாள் பையனை வச்சிரு மேரி, வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். அந்த ரெண்டு நாள் இன்னும் முடியவில்லை. இருபத்துமூன்று வருஷம் ஆகிறது.

மேரிக்கு அப்போது இருபத்தைந்து வயது. குடியாத்தத்திலிருந்து ஒரு வரன் வந்தது. தறி ஓட்டுகிறவன், நல்ல மனுஷன்தான். பையனை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டால் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றான். காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு வந்தவர்களும் அதையேதான் வேறு வேறு வார்த்தையில் கேட்டார்கள். அப்புறம் வருகிறவர்களும் நின்றுபோனார்கள்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று தலைமை ஆசிரியர் கேட்டார். "வளர்க்கிறது நீதானேம்மா? அம்மா பேர்ல உன் பேரையே போட்டுடட்டுமா?"

மேரி யோசிக்கவே இல்லை. "வேணாம் சார். பெத்தவ பேரு அழியக்கூடாது. அம்பிகான்னே போடுங்க."

அன்று அவளுக்கு அதில் ஒரு பெருமை. செத்துப்போனவளுக்குத் தன்னால் ஆன மரியாதை. ரிஜிஸ்டரில் ஏறிய அந்தப் பெயர் பையனோடு சேர்ந்து வளர்ந்தது. மார்க் ஷீட், ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் தாய் பெயர் அம்பிகா. மேரியின் பெயர் ஏறியிருந்தது அவன் செல்போனில் மட்டும்தான். அதிலும் 'அம்மா' என்று.

ஒவ்வொரு வருஷமும் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, மேரி தன் அப்பா அம்மா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவாள். பிறகு இரண்டு மெழுகுவத்தியைத் தனியாகப் பையில் போட்டுக்கொண்டு பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போவாள். அம்பிகா இந்துதான். அதனால் என்ன, வெளிச்சத்துக்கு மதமா இருக்கிறது? பையனையும் கூட்டிப் போவாள். "கும்பிட்டுக்கடா, உன்னைப் பெத்தவ" என்பாள். பிறகு அந்த வருஷத்துச் சேதியெல்லாம் அம்பிகாவிடம் சொல்லுவாள். நம்ம புள்ள அஞ்சாவது பாஸாயிட்டான்டி அம்பி. நம்ம புள்ளைக்கு வேலை கெடச்சிடுச்சிடி. நம்ம புள்ள பிளேன் ஏறிட்டான்டி. ஊரில் வாய்க்கு வாய் எம்புள்ள என்கிறவள், அந்த மண்மேட்டுக்கு முன்னால் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. எப்போதும் நம்ம புள்ளதான். அதில் ஏமாற்றக்கூடாது என்று வைத்திருந்தாள்.

அந்த மெசேஜைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் அரை லீவு போட்டு ஆம்பூருக்குப் போனாள். பஜாரில் மாடியில் புகழேந்தி என்று ஒரு ஆடிட்டர். சின்ன வயசு. பொறுமையாகப் பேசுகிறவர்.

"பயப்படாதீங்கக்கா. சொந்தக்காரங்க எவ்ளோ குடுத்தாலும் வரி கெடையாது. வெளியாளு, தோஸ்த்து யாராச்சும் வருஷத்துல அம்பதாயிரத்துக்கு மேல குடுத்தாதான் முழுசும் வருமானத்துல சேரும். யாரு அனுப்பினது?"

"எம்புள்ள."

"அப்ப முடிஞ்சுது. அவரு பாஸ்போர்ட் காப்பி இருந்தா குடுங்க."

மேரி கொடுத்தாள். புகழேந்தி பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார்.

"அக்கா, தாய் பேர் அம்பிகான்னு இருக்கே?"

சொன்னாள். மெஷின், காமாலை, ரெண்டு நாள், ரிஜிஸ்டர், எல்லாம் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"தத்து எடுத்த பத்திரம் எதனா இருக்கா?"

"பத்திரமா? புள்ளைக்கா?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "சட்டத்துல சொந்தம்னா ஒரு லிஸ்ட் வச்சிருக்காங்கக்கா. கூடப் பொறந்தவ புள்ள குடுத்தாக்கூட அந்த லிஸ்ட்டுல வரமாட்டான். நீங்க சொல்றது எங்கயுமே வராது."

சட்டத்துக்கு யார் மேலும் கோபம் கிடையாது. அது சோறூட்டியதா, காய்ச்சலில் கண் விழித்ததா? பத்திரம் கேட்டது. இல்லை. அவ்வளவுதான்.

புகழேந்தி கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரில் தட்டினார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, நல்ல சேதி! உங்க சம்பளம், இந்த ஆறு லட்சம், ரெண்டையும் சேர்த்தாலும் கழிவெல்லாம் போக ஏழு லட்சத்தைத் தாண்டல. அந்த வருஷத்துக்கு அதுவரைக்கும் தள்ளுபடி இருக்கு. ஒரு பைசா கட்ட வேணாம். வெளியாளு குடுத்த பணம்னு காட்டிட்டா வேலை முடிஞ்சுது."

மேரியின் முகத்தில் ஒன்றும் மலரவில்லை.

"வெளியாளுன்னா எழுதணும்?"

"ஆமாக்கா."

"புள்ளன்னே எழுதுங்க சார். எவ்ளோ ஆவுதோ கட்டிடறேன்."

புகழேந்திக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "புள்ளன்னா வரியே கெடையாதுக்கா. ஆனா நாளைக்குக் கேட்டா நிரூபிக்கணும். முடியலன்னா பொய் சொன்னதா ஆயிடும். அதுதான் பேஜாரு."

பொய். இருபத்துமூன்று வருஷத்துக்கு ஒரே சொல்லில் பெயர் வைத்துவிட்டார், பாவம், அவரும் என்ன செய்வார். வரி என்று ஒன்று வந்திருந்தாலாவது தேவலை. ஒரு லட்சம் வை, அம்மா என்று எழுதுகிறேன் என்று யாராவது கேட்டிருந்தால் காதில் கிடப்பதைக் கழற்றிக் கொடுத்திருப்பாள். இங்கே பணத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

"ஃபைல்ல வைக்க ஒரு கிஃப்ட் லெட்டர் வேணும். குடுத்தவரு கையெழுத்துப் போடணும். நான் அடிச்சு அவருக்கு வாட்ஸப்புல அனுப்பிடறேன்" என்றார் புகழேந்தி.

"அவன் பார்ப்பானா அதை?"

"பார்த்துதானேக்கா கையெழுத்துப் போடணும்."

லெட்டரை அடித்து ஒரு தரம் தமிழில் படித்துக் காட்டினார். இன்னார் மகன் கௌதம் ஆகிய நான், ஆரோக்கியமேரி என்பவருக்கு அன்பின் பேரில் இந்தத் தொகையைக் கொடுத்தேன். உறவுமுறை என்ற கட்டத்தில், உறவினர் அல்ல, குடும்ப நண்பர்.

"அன்பின் பேரில்னு இருக்கு பாருங்க" என்றார் புகழேந்தி ஆறுதலாக.

அனுப்பிவிட்டு, நாளைக்குள் வந்துவிடும், நீங்கள் கிளம்புங்கள் என்றார். மேரி கிளம்பவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் செல்போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இதோ இப்போது அடிக்கும். இன்னாம்மா இது, எவன் எழுதினான் இதை, நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று கத்துவான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மூக்கு மேல் கோபம். எப்படிச் சமாதானப்படுத்துவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வெறும் பேப்பர்டா அது, போட்டுத் தொலைடா கண்ணு. அப்படிச் சொல்லுவதற்காகவே காத்திருந்தாள் என்றுகூடச் சொல்லலாம். அவன் ஒரு வாட்டி மாட்டேன் என்றால் போதும். பிறகு எந்தக் காகிதம் என்ன சொன்னால் என்ன?

பதினாலு நிமிஷம் ஆயிற்று. சத்தம் வந்தது புகழேந்தியின் போனில்.

"பரவால்லியே, அதுக்குள்ள போட்டு அனுப்பிட்டாரு! கட்டைவிரல் வேற காட்டியிருக்காரு."

பிரிண்ட் எடுத்து நீட்டினார். கையெழுத்து அழகாக இருந்தது. நாலு கோடு நோட்டில் கையைப் பிடித்து எழுதப் பழக்கியது மேரிதான். அதற்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டு, சார் வர்றேன் என்று படியிறங்கினாள்.

மாதனூர் பஸ்ஸில் வரும்போது கௌதம் போன் செய்தான்.

"ம்மா, வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுடா. வரி ஒண்ணும் கெடையாதாம்."

"சூப்பர்மா! ஜாஸ்தியா வந்துடுமோன்னு நெனச்சேன்."

மேரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்த லெட்டரைப் படிச்சியாடா?"

"படிச்சேனே. ஏம்மா, எதனா தப்பா இருந்துதா?"

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்று கிளம்பியது.

"இல்லடா. எல்லாம் சரியாத்தான் இருந்துது."

"சரிம்மா. தளம் என்னிக்குப் போடறாங்களாம்? நல்ல சிமெண்டா வாங்கச் சொல்லு, போனை வச்சிடறேன்."

அவன் கெட்ட பிள்ளை இல்லை. வேலைக்கு நடுவே அம்மா மாட்டிக்கொள்ளக்கூடாதே என்று அவசரமாகப் போட்ட கையெழுத்து. அதில் பொய் ஒரு வரி கிடையாது. பெற்றவள் அம்பிகாதான் என்று வருஷா வருஷம் சுடுகாட்டில் நிறுத்திச் சொல்லிக் கொடுத்தது யார்? இவள்தானே? நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், அவனும் நன்றாகப் படித்திருக்கிறான். இதெல்லாம் மேரிக்குப் புரிந்தது. புரிந்தும் நெஞ்சு ஆறவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சண்டை போட்டுவிட்டு அப்புறம் போட்டிருக்கக்கூடாதா அந்தக் கையெழுத்தை?

தளம் போட்டார்கள். பழைய ஷீட்டுகளை ஒரு ஆள் விலை பேசி எடுத்துப் போனான். புது வீட்டின் படத்தைக் கௌதம் வியட்நாமில் எல்லோருக்கும் காட்டினானாம். எங்க அம்மா வீடு என்று சொல்லித்தான் காட்டினானாம். அதை அவனே போனில் சொன்னான். மேரி சரிடா என்றாள்.

நவம்பர் இரண்டாம் தேதி வந்தது. அப்பா அம்மா கல்லறையை முடித்துக்கொண்டு, இரண்டு மெழுகுவத்தியோடு பாலாற்றங்கரைக்குப் போனாள். மண்மேட்டில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிச் சுத்தம் செய்தாள். காற்றுக்குக் கையை அணைத்து இரண்டையும் ஏற்றி வைத்தாள். வழக்கம்போல் உட்கார்ந்து, வழக்கம்போல் பேச வாயெடுத்தாள்.

"உம்புள்ள வீடு கட்டிட்டான்டி அம்பி."

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. மாற்றிச் சொல்லப் பார்த்தாள், நாக்கு எழவில்லை. மேரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.