சவரியண்ணனின் சிவப்பும் பச்சையும்

ரவிக்கைத் துணிக்கு நூல் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. "தங்கச்சி, ஒங்க அண்ணன் காலையில எந்திரிக்கவே இல்லம்மா" என்றார் ஆவூரிலிருந்து சவரிமுத்து அண்ணனின் மனைவி இன்னாசியம்மாள் அக்கா. நூல்கண்டை அப்படியே வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுதேன். நடுவில் அண்ணன் செய்த கூத்தொன்று நினைவுக்கு வந்து சிரித்தும் விட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். சவரிமுத்து அண்ணனை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. அறியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் வீடியோ கேம் மெஷின்களின் திரையைச் சரிசெய்பவர். செல்போனில் விளையாடுவதைச் சொல்லவில்லை. காசு போட்டு, நின்றபடியே பிடியை ஆட்டி விளையாடும் ஆளுயரப் பெட்டிகளைச் சொல்கிறேன். புதுக்கோட்டை கீழராஜ வீதியில் நான் சேலை விற்ற கடைக்குப் பக்கத்தில் அப்படியொரு விளையாட்டுக் கடை இருந்தது. அங்கேதான் அவர் மெக்கானிக். படம் மேல்நோக்கி ஓடிக்கொண்டே இருந்தாலும், மொத்தப் படமும் நடுவில் ஒற்றைக் கோடாகச் சுருங்கிப்போனாலும் அவர் முகம் மலர்ந்துவிடும். முதலில் பிளக்கைப் பார்ப்பார், பிறகு வயரை அசைப்பார், அதற்குப் பிறகுதான் ஈயம் பற்றவைக்கும் கோலை எடுப்பார். "நோயை விட்டுட்டு ஆளைப் பிரிச்சுப் போடக் கூடாது பாருங்க" என்பார்.

ஈஸ்டருக்கு மனைவிக்குச் சேலை எடுக்க ஒருநாள் எங்கள் கடைக்கு வந்தார். பச்சைதான் வேண்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாராம். நான் விரித்துப் போட்டதில் அரக்குச் சிவப்பு ஒன்றை ஆசையாகத் தடவி, "இந்தப் பச்சை எடுப்பா இருக்கு, இதையே கட்டுங்க" என்றார். சேலைக் கடையில் நிற்பவளுக்கு இது விளங்காதா? சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "அக்காவுக்கு இதைவிட இது நல்லா இருக்கும்ணே" என்று கிளிப்பச்சையை எடுத்து மடித்துக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் மத்தியானம் வந்து நின்றார். "தங்கச்சி, இங்கிட்டு ஒரு நிமிசம் வாங்க. திரையில என்ன கலர் தெரியுதுன்னு சொல்லுங்க."

அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இளவயதில் ரயில் வேலைக்குப் போய், வண்ணப் புள்ளிகளுக்குள் எண் தேடும் சோதனையில் தேறாமல் திரும்பி வந்தவர். ஊரில், ஓட்டத் தேர்வில் தோற்றுவிட்டதாகச் சொல்லிச் சமாளித்திருக்கிறார். "வெளிய தெரிஞ்சா யாரு தங்கச்சி என்னை நம்பிக் கலர் திரையைக் குடுப்பாங்க? பொழப்பே போயிரும்." அந்தப் பயம் பல வருடங்கள் அவரைவிட்டுப் போகவில்லை.

மற்ற மெக்கானிக்குகள் பெட்டிக்கு எதிரே ஒரு கண்ணாடியை நிறுத்திக்கொண்டு, அதில் திரையைப் பார்த்தபடி பின்னாலிருக்கும் சின்னத் திருகுகளைத் திருப்புவார்கள். சவரியண்ணனுக்குக் கண்ணாடி போதாது, நான் வேண்டும். அவர் பின்னால் குனிந்திருப்பார், நான் முன்னால் நின்று சொல்வேன். எனக்குத் தெரிந்தது சேலைக் கணக்குத்தான். "அண்ணே, மாம்பழ மஞ்சளா இருக்கணும், எலுமிச்சையா இருக்கு" என்றால் சிவப்பைக் கூட்டுவார். "வெள்ளை வெள்ளையா இல்லை, ரோஸ் அடிக்குது" என்றால் குறைப்பார். ஒருமுறை திரையின் மூலையில் மட்டும் ரோஸ் திட்டாகப் படிந்திருந்தது. பெட்டியின் மேல் யாரோ பாட்டுப்பெட்டியை வைத்திருந்தார்கள், அதன் காந்தம் செய்த வேலை. அதை இறக்கி வைத்துவிட்டு, வட்டமான கம்பிச்சுருள் ஒன்றைத் திரைக்கு முன்னால் சுற்றிச் சுற்றிக் காட்டினார். திட்டு மறைந்தது. "என்னண்ணே, மெஷினுக்குத் திருஷ்டி கழிக்கிறீங்க?" என்று கேட்டேன். "சத்தமாச் சொல்லாதீங்க, ஃபாதர் காதுல விழுந்துறப் போவுது" என்றார்.

அந்த விளையாட்டுக் கடை பிறகு செல்போன் கடையாக மாறியது. ஆனால் அண்ணனுக்கு வேலை கூடியதே தவிரக் குறையவில்லை. ஓட்டல்காரர்களும் கல்யாணக் காண்ட்ராக்ட்காரர்களும் பழைய பெட்டிகளைத் தேடிப்பிடித்து அவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். வாரம் ஒருமுறை என் ஊரான திருவரங்குளத்திலிருந்து நான் ஆவூர் போவேன். "போன்ல படம் எடுத்து அனுப்புங்களேன், இங்கேயிருந்தே சொல்றேன்" என்றால் கேட்க மாட்டார். "போன் அதுவா ஒரு கலரைப் போட்டுக்கும் தங்கச்சி. நீங்களே வாங்க."

இப்போது அந்தக் கூத்துக்கு வருகிறேன். குவைத்திலிருந்து திரும்பிய ஆரோக்கியம் என்பவர் புதிதாக மண்டபம் கட்டி, முதல் கல்யாணத்தன்று பிள்ளைகள் விளையாட மூன்று மெஷின்கள் கேட்டார். நானும் அண்ணனும் உட்கார்ந்து அருமையாகச் சரிசெய்து அனுப்பினோம். அருமை என்று நாங்கள்தான் நினைத்தோம். கல்யாணத்துக்கு நாங்கள் போய் இறங்கியபோது ஆரோக்கியம் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "என்னங்க இது, சண்டை போடுறவன் மூஞ்சியெல்லாம் நீலமா இருக்கு! பிள்ளைக பேயின்னு பயந்து ஓடுதுக. யாரு கலர் பார்த்தது?"

"நான்தான்" என்றேன். உள்ளே திரையை எட்டிப் பார்த்தும் எனக்கு அந்த நீலம் தெரியவில்லை. வெள்ளை வெள்ளையாகத்தான் இருந்தது.

"சேலை விக்கிறவங்களைக் கலர் பாக்கச் சொன்னா இப்படித்தான். இனிமே இந்தம்மாவைக் கூட்டிட்டு வராதீங்க சவரி" என்றார் ஆரோக்கியம். மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சவரியண்ணன் முன்னால் வந்து நின்றார். "அவங்களைச் சொல்லாதீங்க. எனக்குச் சிவப்பும் பச்சையும் பொறந்ததுலேருந்தே தெரியாது. இத்தனை வருசமா நான் சரிபண்ண அத்தனை திரைக்கும் கண்ணு அவங்களோடதுதான். நீலம் ஒண்ணுதான் எனக்கு ஒழுங்காத் தெரியும். அது கூடுதலா இருக்குன்னு எனக்கும் பட்டுச்சு. தங்கச்சி சரிங்கறாங்களே, நம்ம கண்ணுதான் பிசகுன்னு விட்டுட்டேன்."

அவர் அத்தனை காலம் பயந்த நிமிடம் அது. பின்வரிசையிலிருந்து இன்னாசியம்மாள் அக்கா எழுந்தார். "இதை இப்பத்தான் சொல்றீங்களா? பழுத்த மிளகாய் பறிச்சுட்டு வாங்கன்னா பாதி காயைக் கொண்டாந்து குடுத்தப்பவே எனக்குத் தெரியுமே!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. ஆரோக்கியமும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததை நான் எந்தக் கல்யாணத்திலும் கண்டதில்லை. அண்ணன் பெட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தார். முன்னால் சமையல்காரரிலிருந்து நாதஸ்வரக்காரர் வரை கூடிவிட்டார்கள். "நீலத்தைக் குறைங்க!" "போதும் போதும்!" "வெள்ளைன்னா பால் வெள்ளையா, சோத்து வெள்ளையா?" என்று ஒரே கூச்சல். சிவப்பு சரிதானா என்று பார்க்க மணப்பெண்ணையே பட்டுச்சேலையோடு திரைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். மாப்பிள்ளைதான் கடைசியாக, "இப்ப சரியா இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். பந்தி தாமதமானதைப் பற்றி யாரும் குறைப்படவில்லை.

அடுத்த வாரமே அண்ணன் என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இரண்டு கண்ணிலும் புரை. அதனால்தான் உலகமே எனக்கு மஞ்சளடித்து, அதை ஈடுகட்ட நீலத்தைக் கூட்டச் சொல்லியிருக்கிறேன். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று வானத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இவ்வளவு நீலமா!" என்றேன். "என் பங்கையும் சேர்த்து நீங்களே பார்த்துக்கங்க" என்றார். அவருக்குத் தொழில் போகவில்லை. "கலர் தெரியாத சவரி வீடு" என்று வழி கேட்டே ஆட்கள் வந்தார்கள். அந்தப் பெயரில் அவருக்கு அலாதிப் பெருமை.

அடக்கத்தன்று மாதா கோயில் நிறையக் கூட்டம். சென்னையிலிருந்து வந்திருந்த காண்ட்ராக்ட்காரர் ஒருவர் இரங்கல் பேச எழுந்தார். அவருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. தழுதழுத்த குரலில், "ஐயாவுக்குக் கழுகுக் கண்ணுங்க. ஒரே பார்வையில சிவப்பு கூடவா பச்சை கூடவான்னு சொல்லிடுவாரு" என்றார்.

சவப்பெட்டியின் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த இன்னாசியம்மாள் அக்கா முந்தானையால் வாயைப் பொத்தினார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து அணைக்கப் போனவர்களும் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். பிறகு கோயில் முழுவதும் சிரித்தது. ஃபாதர் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். பேசியவர் மட்டும் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போய் வாங்கண்ணே. நீங்கள் பயந்து பயந்து மறைத்ததைச் சொல்லிச் சிரித்துத்தான் உங்களைத் தூக்கினோம்.