பதினாறா, இருபத்து நாலா?

போன சனிக்கிழமை பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஒரு நிச்சயதார்த்தம். பெண், என் நண்பர் சண்முகத்தின் மகள் கவிதா. படம் எடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

நானும் கொஞ்ச நாளாக என் மிரர்லெஸ் கேமராவுக்கு ஒரு வைட் லென்ஸ் தேடிக்கொண்டிருக்கிறேன். பதினாறு எம்எம்மா, இருபத்து நாலு எம்எம்மா? இரண்டுமே ஜூம் ஆகாதவை. நாம்தான் முன்னே பின்னே நடக்க வேண்டும். நான் தவிப்பதைப் பார்த்து, கேமரா கடை வைத்திருக்கும் நண்பர் இரண்டையும் இரவல் கொடுத்தார். கல்யாண வீட்டை விட நல்ல பரீட்சை ஏது?

மண்டபம் எடுக்கவில்லையா என்கிறீர்களா? சண்முகத்துக்குப் பக்கவாதம். எழுந்து நடக்க முடியாது. வாயும் ஒரு பக்கம் கோணிவிட்டது. "அப்பா இல்லாம எனக்கு எந்த நிச்சயமும் வேணாம்" என்று கவிதா சொல்லிவிட்டாள். ஆகவே, ஃபிளாட் ஹாலிலேயே விசேஷம். ஓரச் சுவரை ஒட்டி அவர் கட்டில்.

குடும்பப் படத்துக்கு முதலில் இருபத்து நாலைப் போட்டேன். முகங்கள் அழகாக வந்தன. ஆனால், என் முதுகு சுவரில் முட்டியும் கட்டில் படத்துக்குள் வரவில்லை.

"நல்லா இருக்கே! இதையே வச்சுக்கப்பா" என்றார் சண்முகம். குழறலான பேச்சிலும் அவசரம் தெரிந்தது. "இந்த மூஞ்சி எதுக்கு?"

"அங்கிள், அப்பா வரணும்" என்றாள் கவிதா.

பதினாறை மாட்டினேன். எல்லாரும் படத்துக்குள் அடங்கினார்கள். ஆனால், இவ்வளவு அகலமான லென்ஸ் ஓரத்தில் இருப்பவரை இழுத்துவிடும். ஏற்கெனவே கோணியிருந்த சண்முகத்தின் முகம்... எப்படிச் சொல்ல? கவிதா கேமரா திரையை எட்டிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியதை அவரும் கட்டிலிலிருந்து பார்த்துவிட்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்குக் கேமராவைத் தூக்கிப் பையில் போட்டுவிடலாம் போல இருந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா சரோஜா பக்கத்தில் வந்தார். பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், செபராங் ஜெயாக்காரர். நல்ல பருமன், நல்ல குரல்.

"என்னாண்ணே பிரச்சனை?"

"ஓரத்துல இருந்தா இழுக்குதுக்கா" என்றேன், மெதுவாக.

"நடுவுல?"

"நடுவுல இழுக்காது."

"அப்புறம் என்ன லா? கட்டிலத் தள்ளுங்க!"

நாற்காலிகள் பறந்தன. மாப்பிள்ளை ஒரு பக்கம், அவன் அண்ணன் ஒரு பக்கம், கட்டில் ஹாலின் நடுவுக்கு வந்தது. கவிதா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சரி, இப்போது ஓரத்தில் யார்? எல்லாரும் நைசாக உள்ளே நகர்ந்தார்கள். சரோஜா ஒரு சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு தானாகவே கோடிக்குப் போய் நின்றார்.

"அக்கா, நீங்க இன்னும் குண்டா தெரிவீங்க" என்று எச்சரித்தேன்.

"தெரிஞ்சா தெரியட்டும். மருமகளோட அப்பா நல்லா தெரியட்டும்."

எடுத்தேன். திரையைப் பார்த்து முதலில் சிரித்தவரும் அவர்தான். "ஐயோ, என் பாதி உடம்பு இன்னும் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிற மாதிரி இருக்கு!"

சண்முகம் சிரித்தார். படுக்கையில் விழுந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவசரமாக இருபத்து நாலை மாட்டி, கிட்டே போய், அப்பாவையும் மகளையும் மட்டும் எடுத்தேன். அந்தப் படத்தை அவரே திரும்பத் திரும்பக் காட்டச் சொன்னார்.

சரி, எந்த லென்ஸ் வாங்கலாம்? தனி முகம் என்றால் இருபத்து நாலு. சின்ன வீடு, பெரிய குடும்பம் என்றால் பதினாறு. ஆனால் ஒன்று... படம் என்றாலே நாம் எல்லாரும் நடுவுக்குத்தானே முண்டியடிக்கிறோம்?

ஓரத்தில் நிற்கச் சம்மதிக்கிற சம்பந்தி எந்தக் கேமரா கடையிலும் கிடைக்க மாட்டார்!