பாண்ட் மாஸ்டரை வெட்டிய படம்

புலம்பெயர்ந்த எங்கள் சங்கத்துக்குக் கலாசாரம் என்றால் வருடத்தில் ஒரு சனிக்கிழமை. ஸ்பிரிங்வேலில் ஒரு மண்டபம், தின்ன ரோல்ஸ், பொன்னாடை, யாருக்கும் காதில் ஏறாத பேச்சு. இந்த முறை பழைய வாத்தியங்கள் பற்றிக் காட்டப்போகிறார்களாம். அம்மாவின் அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணக் கரையில் ஒரு மாதா கோயில் பாண்ட் வாத்தியக் குழுவை நடத்தியவர் என்று தலைவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. படம் இருக்கிறதா என்று கேட்டார். கடற்கரைச் சனம் என்றால் மூக்கைச் சுளிக்கிற மனிதர் அவர்.

கொடுத்திருக்கவே கூடாது. அம்மாவுக்காகக் கொடுத்தேன். எண்பத்தேழு வயது, கண் மங்கிக்கொண்டே போகிறது. அந்தச் சின்னப் படத்தில் தன் அப்பாவின் முகம் அவருக்கு இப்போது பிடிபடுவதில்லை. பெரிய திரையில் போடுவார்கள் என்றதும் சேலையை எடுத்து வைக்கச் சொன்னார். இருந்தது அந்த ஒரு படம்தான். ஒரு பிரதி எடுத்து வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அம்மப்பா வலை இழுத்துப் பிழைத்தவர். பெருநாளில் மாதா சுரூபம் தெருவுக்கு வரும்போது பாண்ட் வாசித்த மார்ச்சுகள் எல்லாம் அவரே மெட்டுக் கட்டியவை. கோயில் சாமியாரான பாதருக்கு ஒரு வாத்தியமும் வராது. ஆனாலும் படத்தில் உட்காரக் கதிரை பாதருக்குத்தான். பின்னாலும் பக்கத்திலும் ஆட்கள் கோர்னெற்றும் ட்ரம்மும் பிடித்தபடி வெறுங்காலோடு நிற்க, பாண்ட் மாஸ்டர் பாதரின் சப்பாத்துக்குப் பக்கத்தில் மண்ணில் காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருந்தார். அந்தக் காலத்து மரியாதை அப்படி.

மண்டபத்தில் திரை விரிந்தது. படத்தில் எல்லோரும் இடுப்புக்கு மேலே மட்டும் தெரிய நின்றார்கள். வெறுங்கால் சபைக்கு வடிவில்லை என்று எங்கள் கனவான்கள் நான் கொடுத்த படத்தின் கீழ்ப்பாதியைக் கத்தரிக்கோலால் வெட்டிச் சட்டம் போட்டிருந்தார்கள். காலோடு சேர்ந்து நிலத்தில் இருந்த மனிதரும் போய்விட்டார். கீழே 'பாதரும் அவரது பாண்டும், மெட்டு: பாதர்' என்று ஒரு வரி. படத்தைக் கொஞ்சம் துப்பரவாக்கட்டோ என்று தலைவர் முன்னமே போனில் கேட்டிருந்தார். வேலையில் நின்ற நான், செய்யுங்கோ என்று சொல்லிவிட்டு வைத்தேன். அந்த மூடர் கூட்டத்தில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அம்மா வோக்கரைத் தள்ளிக்கொண்டு திரைக்குக் கிட்டப் போய் ஒவ்வொரு முகமாகத் தேடினார். தலைவர் ஓடிவந்து, நடுவில் கதிரையில் இருக்கிறவர்தானே என்று பாதரைக் காட்டினார்.

"அது பாதர். என்ர அப்பா நிலத்தில இருந்தவர். வெட்டின துண்டைத் தாங்கோ, தம்பி."

"அதை அண்டைக்கே குப்பையில போட்டிட்டன் அன்ரி," என்றார் அவர். "வெறும் கால்தானே எண்டு."

அம்மா வோக்கரைத் திருப்பினார். காரில் ஏறியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் தந்தார்.

"இனி உது எனக்கு வேண்டாம்."