பீர் தாங்கும் லேப்டாப்

மலைமேல் நகரமான எல் ஆல்தோவில் கல்யாணமோ சாமி ஊர்வலமோ நடந்தால், கூட்டத்துக்கு நடுவில் ஒரு ஏணி நிற்கும். அதன் மேல், தலைத் தொப்பி சரியாமல், அடுக்குப் பாவாடையை ஒரு கையால் சுருட்டிப் பிடித்தபடி மறு கையில் கேமராவோடு ஒருத்தி நிற்பாள். அவள்தான் நெமேசியா தர்கி. மணப்பெண் அழுவதற்கு முன்பே அழப்போகிறாள் என்று தெரிந்து கேமராவைத் திருப்பிவிடுவாள் என்று ஊரில் பேச்சு. எடுத்ததை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, முழுப் படமாகக் கொடுப்பதும் அவள்தான். போன வருஷம்வரை அதற்குச் சொந்தமாக ஒரு லேப்டாப் இருந்தது. அது பீர் குடித்துச் செத்தது.

குடிக்கக் கொடுத்தவர் அவளுடைய அண்ணன் குமெர்சிந்தோ. மினிபஸ் ஓட்டுகிறவர். தாய் தகப்பன் போன பிறகு அந்த வீட்டில் எது புதிதாக வந்தாலும் அதற்குத் தெளிப்புச் செய்வது அவர் கைதான். கார்னிவல் செவ்வாய்க்கிழமை வந்தால் வீடு, அடுப்பு, தையல் மெஷின், பஸ் என்று எல்லாவற்றுக்கும் காகிதத் தோரணம் சுற்றி, வண்ணப் பொட்டுத்தாள் தூவி, பூமித்தாய்க்கு முதலில் தரையில் ஊற்றிவிட்டு, மிச்ச பீரைப் பொருளின் மேல் தெளிப்பார். தெளிக்காத பொருள் வீட்டில் தங்காது. இதை நெமேசியா யாரிடமும் வாதாடி நிரூபிக்க மாட்டாள், அது அவளுக்கு அப்படித்தான்.

குமெர்சிந்தோ இருபது வருஷமாகத் தன் பஸ் இன்ஜின் மேல் தாராளமாக ஊற்றி வந்தவர். பஸ் இன்னும் ஓடுகிறது. அதே தாராளத்தை லேப்டாப்பைத் திறந்துவைத்து அதன் எழுத்துக் கட்டைகள் மேலும் காட்டினார். தங்கச்சிக்குத் தொழில் செழிக்க வேண்டும் என்று அரை பாட்டில். திரை இரண்டு தடவை மின்னியது, பிறகு எழவே இல்லை. அன்றைக்கு நெமேசியா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தாலாவது மனுஷன் தேறியிருப்பார். அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

ஒரு வருஷமாக அவள் தெருமுனை இணையக் கடையில், கேம் விளையாடிக் கத்தும் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படங்களை வெட்டினாள். அது வேலையே இல்லை, தண்டனை. ஆனாலும் அதைவிட அதிகம் வலித்தது, பிறந்தநாளுக்கும் புனிதர் நாளுக்கும் அண்ணன் நாற்காலி காலியாகக் கிடந்ததுதான். சண்டை என்றால் பேசித் தீர்க்கலாம். இது வெட்கம். வெட்கத்தை என்ன சொல்லித் தீர்ப்பது?

ஜனவரியில் குட்டிப் பொருள் சந்தை கூடியது. எது வேண்டுமோ அதைக் கட்டைவிரல் அளவில் வாங்கி, நடுப்பகலில் ஆசி வாங்கிவைத்தால் வருஷத்துக்குள் அது நிஜமாக வந்து சேரும். அன்று மாலை அண்ணன் பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கும் பெண் ஒருத்தி வந்து ஒரு சின்னப் பொட்டலத்தை நெமேசியா கையில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு லேப்டாப். ரோஸ் கலர். பூவிதழும் சாராய வாசனையும் இன்னும் அதில் ஒட்டியிருந்தன. பேர் சொல்லி அனுப்பவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. நெமேசியா அதை அலமாரியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் நன்றாக அழுதாள்.

அழுது முடித்ததும் ஒரு முடிவுக்கு வந்தாள். கார்னிவலுக்கு முன்னால் புது லேப்டாப் வாங்க வேண்டும். அதற்கு அண்ணன்தான் தெளிக்க வேண்டும். அதுவும் பிழைத்துக் கிடக்க வேண்டும்.

கம்பிவடத்தில் தொங்கிப் போகும் வண்டியில் மலையிலிருந்து கீழே இறங்கி, லா பாஸ் நகரத்து எலோய் சல்மோன் தெருவுக்குப் போனாள். அந்தத் தெருவில் டிவியும் ஸ்பீக்கரும் லேப்டாப்பும் தவிர வேறெதையும் பார்க்க முடியாது. ஒவ்வொரு கடையும் பக்கத்துக் கடையைவிடச் சத்தமாகப் பாடும். விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒருவரையொருவர் கசேரா என்று ஒரே பேரால் கூப்பிட்டுக்கொள்வார்கள், அதில் யார் யாரை ஏமாற்றப்போகிறார் என்பது கடைசிவரை தெரியாது. நெமேசியா போனது தோமாசாவின் கடைக்கு. தோமாசாவும் பாவாடைக்காரிதான், தொப்பியை மட்டும் கல்லாப்பெட்டி மேல் கழற்றி வைத்திருப்பாள்.

தோமாசா மூன்று லேப்டாப்புகளை வரிசையாகத் திறந்து வைத்தாள். மூன்றிலும் ஒரே கிளி பறந்தது, ஒரே அருவி கொட்டியது. கடைக்காரர்கள் போட்டுக் காட்டும் படத்தில் எந்த லேப்டாப்பும் அழகாகத்தான் இருக்கும். நெமேசியா ரவிக்கைக்குள்ளிருந்து தன் பென்டிரைவை எடுத்து நீட்டினாள். அதில் இருந்தது போன திருவிழா மொரெனாதா ஆட்டம். நூற்றுக்கணக்கான ஆட்கள், ஒவ்வொரு உடம்பிலும் ஆயிரம் ஜிகினா, அத்தனையும் வெயிலில் ஒரே சமயம் மின்னும். பின்னால் பெரிய மேளம். காலும் மேளமும் ஒரு மயிரிழை பிசகினாலும் ஊர் சிரிக்கும்.

முதல் லேப்டாப், ஆட்டம் பாதித் தெருவைத் தாண்டுவதற்குள்ளேயே திணறியது. மேளம் ஒரு பக்கம் போக, கால்கள் வேறு பக்கம் போயின. தோமாசா அதை மூடி ஓரமாக வைத்தாள்.

மிச்சம் இரண்டு. கறுப்பு லேப்டாப் மெலிசு, கையில் எடுத்தால் தட்டு போல இருந்தது. திரையில் சிவப்பு சிவப்பாகவே எரிந்தது. மேளம் நெஞ்சுக்குள் வந்து விழுந்தது. சாம்பல் நிற லேப்டாப்பும் பிசகில்லாமல் ஓடியது, ஆனால் கனம் செங்கல்தான். சத்தம் தகர டப்பா. சிவப்பெல்லாம் பலமுறை துவைத்த சட்டை மாதிரி வெளுத்துக் காட்டியது. நெமேசியாவின் கண் திரும்பத் திரும்பக் கறுப்புக்கே போனது. அவள் கலரை நம்பிப் பிழைக்கிறவள், போகாமல் என்ன செய்யும்?

கறுப்புக்கு விலையைப் பேசி, கொசுறாக ஒரு பை கேட்டு, அதற்கும் தோமாசா தலையாட்டிய பிறகு நெமேசியா மெல்லக் கேட்டாள்.

"அக்கா, இது மேல பீர் ஊத்தினா தாங்குமா?"

வேறு ஊர்க் கடைக்காரராக இருந்தால் சிரித்திருப்பார். தோமாசா சிரிக்கவில்லை. "யாரு ஊத்துறது?"

"எங்க அண்ணன்."

"எவ்வளவு ஊத்துவாரு?"

"பஸ்ஸு ஓட்டுறவரு அக்கா."

தோமாசாவுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். கறுப்பின் விலை கூட, அவள் லாபமும் கூட. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட்டாள், கறுப்பு ஒரு சொட்டுக்கே போய்விடும் என்று. வேண்டுமானால் எழுத்துக் கட்டை மேல் ரப்பர் உறை ஒன்று போட்டுவிடலாம், அதன் மேல் எவ்வளவு ஊற்றினாலும் உள்ளே இறங்காது என்றாள்.

நெமேசியா யோசித்தாள். உறை போட்ட லேப்டாப்பை அண்ணன் முன்னால் வைப்பது கண்ணில் தெரிந்தது. அவர் முகமும் தெரிந்தது.

"மழைக்கோட்டு போட்டுக்கிட்டுப் போயி ஆசீர்வாதம் வாங்குவாங்களா அக்கா? நீ கை வச்சா கெட்டுப்போகும்னு நானே சொல்ற மாதிரி ஆயிடும். மனுஷன் அப்படியே திரும்பிப் போயிடுவாரு."

தோமாசா கல்லாப்பெட்டிக்குப் பின்னால் குனிந்து, தான் பில் போடும் லேப்டாப்பை எடுத்தாள். அதே சாம்பல் நிறம். தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள். ஒரு ஓட்டையில் மஞ்சள் பொட்டுத்தாள் ஒன்று இன்னும் சிக்கிக்கொண்டு இருந்தது.

"மேல விழறது எல்லாம் இந்த ஓட்டை வழியா இறங்கிடும். ஒரு டம்ளர் தண்ணி தாங்கும்னுதான் அட்டையில போட்டிருக்கான், பீரப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்? போன கார்னிவலுக்கு எங்க வீட்டுக்காரரு தெளிக்கல, ஞானஸ்நானமே பண்ணிட்டாரு. அணைச்சு, கவுத்து, ஒரு நாள் காய வச்சேன். இன்னிக்கி வரைக்கும் பில்லு போடுது. ஆனா கலர் சோடா மட்டும் கிட்ட கொண்டு போயிடாத. ஒட்டிக்கும்."

நெமேசியா அந்த மஞ்சள் பொட்டை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கறுப்பில் ஆடிக்கொண்டிருந்த சிவப்பை ஒரு தடவை கண் நிறையப் பார்த்துவிட்டுத் தானே அதை மூடினாள். மனசு கேட்கவில்லைதான். நல்ல திரை ஒன்றைப் பிறகு தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம், மேளத்துக்கு ஸ்பீக்கர் இருக்கிறது. அண்ணனை எந்தக் கடையில் வாங்குவது?

கார்னிவல் செவ்வாய்க்கிழமை காலையில் ஊர் முழுக்கப் பட்டாசு. நெமேசியா அண்ணனுக்குச் சொல்லியனுப்பினாள், வருகிறீர்களா என்று கேட்காமல். புதுசு வந்திருக்கிறது, நீங்கள் வரும்வரை அதைத் தொழிலுக்குத் தொட மாட்டேன், ஊர்வலக்காரர்கள் படத்துக்குக் காத்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

மத்தியானத்துக்குள் குமெர்சிந்தோ வந்துவிட்டார். ஒரு கையில் தொப்பி, இன்னொரு கையில் பொட்டுத்தாள் பை. ஒரு வருஷத்தில் மெலிந்திருந்தார். மேஜையில் லேப்டாப் மூடியிருந்தது, தோரணம் சுற்றியிருந்தது. பக்கத்தில் அந்த ரோஸ் குட்டி. அதைப் பார்த்ததும் அவர் பார்வையைத் தரைக்குக் கொண்டுபோய்விட்டார்.

நெமேசியா நீட்டிய பீர் கிளாஸை வாங்கிப் பூமித்தாய்க்குத் தரையில் ஊற்றினார். பிறகு விரலை பீரில் நனைத்து, லேப்டாப் மூடியின் ஓரத்தில், சுடும் சட்டியைத் தொடுவது போல ஒரு பொட்டு வைத்தார். கையை உடனே எடுத்துக்கொண்டார்.

நெமேசியா மூடியைத் திறந்தாள். மொரெனாதாவை ஓடவிட்டாள். ஸ்பீக்கர் வழியாக மேளம் வீட்டை நிறைத்தது.

"அங்க இல்ல அண்ணே. இங்க ஊத்துங்க."

"வேணாம்மா. ஒரு தடவ பண்ணுனது போதும்."

"இது தாங்கும். தாங்குறதாப் பாத்துத்தான் வாங்கிட்டு வந்திருக்கேன். பஸ்ஸுக்கு ஊத்துற மாதிரி ஊத்துங்க."

அவர் தங்கையின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அவள் முகத்தை அசைக்கவில்லை. குமெர்சிந்தோ கிளாஸைச் சாய்த்தார். பீர் எழுத்துக் கட்டைகளுக்கு இடையில் நுரைத்து இறங்கி, அடியில் மேஜைவிரிப்பை நனைத்து, அவளுடைய பாவாடையில் சொட்டியது. மேளம் நிற்கவில்லை. ஒரு கால்கூடப் பிசகவில்லை.

அவர் மூச்சை விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரைக்குக் கிட்டக் குனிந்தார். மூன்றாவது வரிசையில் அவரே ஆடிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, என்னோட சட்டை என்ன இப்படி வெளுத்துப்போய்த் தெரியுது? நல்ல ரத்தச் சிவப்புல்ல அது? கடையில கொஞ்சம் பாத்து வாங்கக் கூடாது?"

நெமேசியா ஒரு வருஷத்துக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். குறை சொல்கிறார். அண்ணன் வந்துவிட்டார். லேப்டாப்பை அணைத்து, மேஜை விளிம்பில் கவிழ்த்து வைத்துவிட்டு, அவருக்குச் சோறு போடப் போனாள்.