ஆட்டத்துக்கு முன்பே சரிந்த விலை

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் உள்ள ஹால்ஸ்டன் கல்லூரியில், விளையாட்டு வீரர்கள் சாப்பிடும் கூடத்தில் மார்னி கேஸ்பருக்குச் சமையல் வேலை. அந்த வெள்ளிக்கிழமை கூடைப்பந்து அணியின் நட்சத்திரம் டெவிக், காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்தான். மறுநாள் பெரிய ஆட்டம்.

"இது இந்தச் சுவரைத் தாண்டக் கூடாது" என்றார் கூடத்துப் பொறுப்பாளர் ஓடெல்.

மார்னி யாரிடமும் மூச்சு விடவில்லை, கணவன் ராய்ஸைத் தவிர. இரவுச் சாப்பாட்டில் சில்லி என்ற பீன்ஸ் கறிக்குழம்பைப் பரிமாறிக்கொண்டே, "பாவம் அந்தப் பையன், நாளைக்கு ஆடவே முடியாது போல" என்றாள். ராய்ஸ் போனைப் பார்த்தபடி "ம்" என்றான்.

சனிக்கிழமை காலையில் ஊரே அதே பேச்சாக இருந்தது. எந்த அணி ஜெயிக்கும் என்று பணம் கட்டி, பங்கு மாதிரி வாங்கி விற்கும் செயலியில், ஹால்ஸ்டன் வெற்றியின் விலை அறுபத்து நாலு சென்டிலிருந்து நாற்பதுக்குச் சரிந்திருந்தது. டெவிக் ஆடமாட்டான் என்று கல்லூரி அறிவித்ததோ மதியத்துக்கு மேல்தான்.

ஓடெல் எல்லோரையும் நிற்கவைத்தார். "நம்மள்ல யாரோ ஒருத்தர் வாயத் தொறந்திருக்கீங்க. யாருன்னு நான் கண்டுபிடிப்பேன்."

மார்னிக்குக் கணவன் நினைப்புதான் வந்தது. குளிர்காலம் முழுக்க ராய்ஸ் அந்தச் செயலியே கதி என்று கிடந்தவன். அன்று அவள் வீட்டுக்குள் நுழைந்ததுமே அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். ஹால்ஸ்டன் படுதோல்வி அடைந்தபோது கத்தவில்லை, திட்டவில்லை. எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினான். ராய்ஸாவது, பாத்திரம் கழுவுவதாவது! அவளுடைய சந்தேகம் உறுதியானது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது கேட்டேவிட்டாள். "உண்மையச் சொல்லு ராய்ஸ். நான் சொன்னத வெச்சுத்தானே வித்த? என் வேலையே போயிடும்டா!"

"என்னத்தச் சொன்ன?"

"டெவிக் காலு!"

ராய்ஸ் வாயைப் பிளந்தான். பிறகு போனை அவள் பக்கம் திருப்பினான். வெள்ளி இரவு, அவள் எதிரில் உட்கார்ந்து சில்லி தின்றுகொண்டே, இருந்த பணத்தையெல்லாம் ஹால்ஸ்டன் ஜெயிக்கும் என்று போட்டிருந்தான். மொத்தமும் போயிருந்தது.

"உனக்கு அப்பவே தெரியுமா?" என்று முனகினான்.

"மூஞ்சிக்கு நேரா சொன்னேனே! நான் பேசுறது எதுவுமே உன் காதுல ஏறாதா?"

அவன் திருடனில்லை என்ற நிம்மதி ஒரு பக்கம். இத்தனை வருடமும் சுவரோடு பேசிக்கொண்டிருந்தோமா என்ற ஆத்திரம் மறுபக்கம். சர்ச்சில் அவனிடமிருந்து ஓர் ஆள் இடம் தள்ளி உட்கார்ந்தாள்.

சேதியைக் கசியவிட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. மார்ச்சில் ஓடெல் திடீரென வேலையை விட்டுவிட்டு விச்சிட்டா நகரத்துக்குப் போனார். அவர்தான் என்று சமையலறை முடிவு கட்டியது. மார்னியால் நம்பவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

அதற்குள் வீட்டில் வேறொன்று ஆரம்பித்திருந்தது. அவள் வந்ததும் ராய்ஸ் டிவியை அணைத்துவிடுகிறான். அவளுடைய குளிர்கோட்டை வாங்கி ஆணியில் மாட்டுகிறான். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்க்கிறான்.

"சொல்லு செல்லம், இன்னைக்கு எப்படிப் போச்சு? பசங்கல்லாம் நல்லா சாப்பிட்டாங்களா? யாருக்காவது உடம்பு கிடம்பு சரியில்லையா?"

கல்யாணமான நாளிலிருந்து இதற்காகத்தான் ஏங்கினாள். இப்போது அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வெளிய காத்து பலமா அடிக்குது" என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.