வலப்பக்கக் கதிரை

முதலில் ஆரணி தலை வாரி இழுப்பதை நிறுத்தினாள். என் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளிக்குப் போகும்போது முடியைத் தொப்பிக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு போவாள். இந்த நாட்டுப் பிள்ளைகளின் நாகரிகம் என்று நினைத்தேன். பிறகு சாப்பாடு குறைந்தது, நித்திரை கூடியது. பரீட்சைப் புள்ளிகள் குறைந்த பிறகுதான் நான் பயந்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

குடும்ப வைத்தியரிடம் டெர்மின் (முன்கூட்டியே எடுக்கும் சந்திப்பு நேரம்) எடுத்தவளும் அவள்தான். ஹனோவருக்கு வந்து பதினெட்டு வருடமாகியும் என் ஜெர்மன் முதியோர் இல்லச் சமையலறைக்கு மட்டும்தான் போதும். உருளைக்கிழங்கு, கரண்டி, கெதியாக, நாளைக்கு. மற்றதெல்லாம் ஆரணி. எட்டு வயதிலிருந்து வரிக் கடிதம், விசா அலுவலகம், என் பல் வைத்தியர் என்று எல்லா இடத்திலும் என் வலப்பக்கக் கதிரையில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். கோவிலில் சந்திக்கும் சனத்திடம் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

அன்றும் வலப்பக்கம்தான் இருந்தாள். வைத்தியர் நீண்ட நேரம் என்னைப் பார்த்துப் பேசினார். இரண்டு தடவை குரலைத் தாழ்த்தினார். ஆரணி என்னிடம் திரும்பினாள்.

"இரத்தம் குறைவாம் அம்மா. இரும்புச்சத்துக் குளிசை எடுக்கட்டாம்."

"இவ்வளவு நேரமும் அதையோ சொன்னவர்?"

"ஓம்."

வைத்தியர் ஒரு தாள் தந்தார். மடித்து ஃபைலில் வைத்து, ஃபைலைக் கைப்பைக்குள் வைத்தேன். மூன்று மாதம் ஈரல் கறி, கீரை, பேரீச்சம்பழம் என்று அவள் வாயில் திணித்தேன். முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "இவளுக்கு என்ன குறை? தனி அறை இருக்கு, போன் இருக்கு," என்றார் என் கணவர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை அவள் எழும்பவில்லை. புதன்கிழமை வரை எழும்பவில்லை. தண்ணீர் குடிக்கவும் மறுத்தாள். கணவர் அம்புலன்ஸைக் கூப்பிட்டார். இளையோர் மனநல மருத்துவமனையில் என் ஃபைலைப் புரட்டிய வைத்தியர் அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். பிள்ளையைக் கொண்டு மொழிபெயர்க்க அங்கே விடமாட்டார்கள். தமிழ்ப் பெண் ஒருவரை அழைத்திருந்தார்கள். அவர்தான் எனக்கு வாசித்துச் சொன்னார். டெப்ரெசியோன் (மனச்சோர்வு, வெறும் கவலையல்ல, உடம்பையும் நினைப்பையும் சேர்த்து முடக்கும் நோய்). உடனே மனநல வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்ததாம். அதை மூன்று மாதம் நான் தோளில் கொண்டு திரிந்திருக்கிறேன்.

நான்காவது வாரம் எங்களை ஒன்றாக இருத்திப் பேசவைத்தார்கள். ஆரணி எனக்கு எதிர்ப்பக்கம் இருந்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாக வரும். ஆனால் ஜெர்மனில்தான் பேசினாள். என் மகளை அந்தத் தமிழ்ப் பெண்ணின் குரலில் கேட்டேன்.

"அம்மாவுக்கு விளங்காது எண்டு நான் மறைக்கேல்லை. விளங்கினா அழுவா. பிறகு நான்தான் அவவுக்கு ஆறுதல் சொல்லவேணும்."

கொஞ்சம் பொறுத்து அந்தக் குரல் மறுபடியும் சொன்னது: "எனக்கு அப்ப பதினொரு வயசு. அம்மாவின்ர வயித்தில இருக்கிற பிள்ளையின்ர இதயம் துடிக்கேல்லை எண்டு டொக்டர் சொன்னவர். அதை அம்மாவுக்குச் சொன்னது நான். அம்மா என்ர கையைப் பிடிச்சு அழுதவா. அடுத்த நாள் எனக்குக் கணக்குச் சோதனை."

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வைத்தியரின் மோதிரம்கூட நினைவிருக்கிறது. ஆரணி அங்கே இருந்தது மட்டும் நினைவில் இல்லை.

"எனக்குப் பாஷை தெரியாதே பிள்ளை. நான் என்ன செய்யிறது?" என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதை ஜெர்மனில் சொன்னார். ஆரணி தலையாட்டினாள்.

சில பிள்ளைகளுக்கு முழுதாகச் சுகம் வரும், சிலருக்கு வருத்தம் திரும்பத் திரும்ப வரும், ஆரணி எந்தப் பக்கம் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் வைத்தியர். இரண்டு வருடத்தில் மூன்று தடவை உள்ளே போய் வந்துவிட்டாள். வெளியே வந்தாலும் வீட்டுக்கு வருவதில்லை. இளையோர் விடுதியில் இருக்கிறாள். அந்த இடத்தை அவளே கேட்டு எடுத்தாள்.

மருத்துவமனையின் பெற்றோர் குழுவில், இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஆறுதலாக எதையாவது எழுதச் சொன்னார்கள். ஆறுதல் என்னிடம் இல்லை. உங்கள் வைத்தியரிடம் மொழிபெயர்க்கப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பிள்ளையின் வைத்தியரிடம் போனால் வேறு மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதுவும் பிந்தித்தான் தெரிந்தது.

இப்போது என் வாரம் புதன்கிழமை நாலு மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடிகிறது. விடுதியில் அவளைப் பார்க்கும் நேரம் அது. ஜெர்மன் வகுப்புக்குப் போகிறேன். எப்படி இருக்கிறாய் என்று அங்கே படித்த வசனத்தை அவளிடம் கேட்டேன். "குட்" (நல்லம்) என்றாள். அடுத்த கேள்விக்கும் வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் அதைக் கேட்கவில்லை.

போன மாதம் என் சொந்த டெர்மினுக்குத் தனியே போனேன். எங்கே நோகிறது என்று வைத்தியர் கேட்டார். கேள்வி விளங்கியது, பதிலும் தெரியும். ஆனாலும் என் கழுத்து தானாக வலப்பக்கம் திரும்பியது. அந்தக் கதிரையில் என் கைப்பை இருந்தது.